வெந்நீர் நகரும் விருந்தினர் மாளிகையும்

கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்வோர் பலருக்கு அந்நாடு இலண்டன் மாநகரோடு முடிந்துவிடுகின்றது. அரண்மனை வாயிலிற் காவலர் மாறும் காட்சியைக் காண்கின்றனர். நூதனசாலைக்குட் புகுந்து கால் நோக நடக்கின்றனர். தேம்சு நதிப் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பின்னர்ப் பிள்ளைகளின் வீட்டிலே தங்கி, குளிருக்கு அஞ்சி, யன்னலூடாகத் தெருவைப் பார்த்தபடி எஞ்சிய நாள்களைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆங்கில நாட்டின் வரலாற்றைத் தெளிவாகக் காட்டவல்ல இரண்டு காட்சிகள் இலண்டனுக்கு வெளியே உள்ளன. ஒன்று, மருந்தூற்றுக்களைச் சுற்றி எழுந்த நீராட்டு நகரம். மற்றொன்று, பெருநிலக்கிழார் தமக்கெனக் கட்டி, காலமாற்றத்தால் இன்று விருந்தினர் விடுதியாகிவிட்ட நாட்டுப்புற மாளிகை. இவ்விரண்டையும் ஒரே பிரயாணத்திற் காண விரும்புவோர் எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு தம்பதியரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மரக்கறி உணவினர். மனைவிக்கு முழங்கால் நோவு, படியேறுவது கடினம். இலண்டனிலே தொழில் புரியும் அவர்களின் மகள், பெற்றோரின் ஐம்பதாவது மணநாளை முன்னிட்டு அவர்களை ஒரு மாளிகை ஹோட்டலுக்கு அனுப்ப எண்ணுகின்றாள். அவள் பெருஞ்செல்வம் படைத்தவள் அல்லள். மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேமித்த பணமே அவள் கையில் உள்ளது. “எங்களுக்கு ஏன் பிள்ளை உந்த வீண் செலவு?” என்று தாய் கேட்கின்றார். தந்தையோ, அத்தகைய இடத்தில் எந்தக் கரண்டியை எந்தக் கையிற் பிடிப்பது என்ற கவலையில் ஆழ்கின்றார். மகளின் சேமிப்பு வீணாகாமலும், பெற்றோர் கூசிக் குறுகாமலும் அந்நாள்கள் அமையவேண்டுமாயின், பெட்டி கட்டுவதற்கு முன்னரே அறியவேண்டியவை சில உள.

முதலாவது, ‘ஸ்பா’ என்னும் சொல்லைப் பற்றியது. பெல்ஜிய நாட்டிலே ஸ்பா என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரின் ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்று பெயர்பெற்றமையால், காலப்போக்கில் மருந்தூற்று உள்ள எந்த ஊருக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. ஹாறகேற், செல்ரனம், பக்ஸ்ரன், ரன்பிறிட்ஜ் வெல்ஸ் முதலிய ஆங்கில நகரங்கள் இவ்வாறு பெயர்பெற்றவை. ஆனால் இக்காலத்து ஹோட்டல்கள் ‘ஸ்பா’ என விளம்பரஞ் செய்யும்போது அவை குறிப்பது வேறொன்று. சாதாரணக் குழாய் நீரைச் சூடாக்கி நிரப்பிய தடாகம், நீராவி அறை, எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் அறை ஆகியவையே பெரும்பாலும் அங்கு இருக்கும். பூமியிலிருந்து ஊறிவரும் மருந்து நீரை எதிர்பார்த்து மாளிகைக்குச் செல்பவர் ஏமாற்றமடைவார். அந்நீர் நகரத்திலேதான் உண்டு. இந்த வேறுபாட்டை முதலிலேயே அறிந்துகொண்டால் பணமும் மனமும் ஒருங்கே காக்கப்படும்.

இத்தம்பதியருக்கு ஏற்ற நகரம் எது? முழங்கால் நோவுடைய அம்மையார் வெந்நீரைக் காணவேண்டும் என விரும்புவாராயின், பாத் என்னும் நகரமே தக்கது. ஏனைய ஆங்கில ஊற்றுக்கள் பெரும்பாலும் குளிர்ந்தவை. பக்ஸ்ரன் நகரத்து நீர் இளஞ்சூடானது. பாத் நகரத்து நீரோ ஏறக்குறைய 46 பாகை சதம அளவை வெப்பத்துடன், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கு மேலாகப் பொங்கி வருகின்றது. அயலிலுள்ள மென்டிப் குன்றுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெய்த மழை, சுண்ணாம்புக் கற்பாறைகளின் வெடிப்புக்களூடாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறி, மீண்டும் மேலெழுகின்றது என்று நிலவியலார் விளக்குவர். திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு கிணறுகளின் வெந்நீரை வாளியால் அள்ளித் தலையில் வார்த்தவர்களுக்கு இவ்வியப்புப் புதியதன்று.

கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் பிரித்தானியாவை வென்ற உரோமர் இவ்வூற்றைக் கண்டனர். அவ்விடத்து மக்கள் சூலிஸ் என்னும் பெண்தெய்வத்தை அங்கு வழிபட்டுவந்தனர். உரோமர் அத்தெய்வத்தை ஒதுக்காமல், தங்கள் மினேர்வா தேவியோடு இணைத்துச் சூலிஸ் மினேர்வா எனப் பெயரிட்டுக் கோயில் எடுத்தனர். ஈயத் தகடு பரப்பிய பெருந்தடாகமும் அமைத்தனர். ஊற்றின் அடியிலிருந்து தொல்பொருள் ஆய்வாளர் எடுத்தவற்றுள் ஏறக்குறைய 130 சிறிய ஈயத் தகடுகள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை தெய்வத்திடம் இட்ட முறைப்பாடுகள். நீராடும்போது தம் மேலாடையைக் களவெடுத்தவன் ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் சுதந்திரனாயினும், அவனைத் தண்டிக்கவேண்டும் என்று ஏழை எளியவர் எழுதிப் போட்டவை அவை. பேரரசர்களின் கல்வெட்டுக்கள் சொல்லாத ஒன்றை இத்தகடுகள் சொல்கின்றன. அன்று ஒரு மனிதனுக்கு ஒரு மேலாடை எவ்வளவு பெரிய உடைமை என்பதே அது. இத்தகடுகளை இன்றும் அங்குள்ள நூதனசாலையிற் காணலாம்.

உரோமர் சென்றபின் அக்கட்டடங்கள் இடிந்து மண்ணுள் மறைந்தன. ஊற்று மட்டும் நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டிலே அந்நகரம் மீண்டும் எழுந்தது. அதனை எழுப்பியோர் மூவர் என்பர். றிச்சட் நாஷ் என்பவர் சூதாட்டக்காரராக 1705ஆம் ஆண்டளவில் வந்து, நகரின் கேளிக்கைகளுக்குத் தலைவராகி, வாள் அணிந்து உலாவுவதைத் தடுத்து, பிரபுக்களும் வணிகரும் ஒரே மண்டபத்திற் கூடிப் பழகும் ஒழுங்கை ஏற்படுத்தினார். றால்ப் அலன் என்பவர் அஞ்சல் சேவையைச் சீர்திருத்திப் பொருளீட்டி, அயற்குன்றிலுள்ள பொன்னிறக் கல்லை வெட்டுவித்தார். ஜோன் வூட் என்னும் தந்தையும் அதே பெயருடைய மகனும் அக்கல்லைக் கொண்டு வீதிகளை அமைத்தனர். மகன் 1767ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டிய பிறைவடிவான முப்பது வீடுகளின் வரிசை இன்றும் காண்போரைத் திகைக்கச் செய்கின்றது.

இன்பம் நாடி வந்த செல்வர்க்கே அந்நகரம் உரியதாயிருந்தது எனக் கருதுதல் முற்றும் சரியன்று. வாத நோயால் வருந்தும் ஏழைகளுக்காக அங்கு ஒரு பொது வைத்தியசாலை 1742இல் திறக்கப்பட்டது. நாஷ் அதற்கு நன்கொடை திரட்டினார். அலன் கல் கொடுத்தார். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் வந்த வறியவர் அங்கு ஊற்று நீராற் சிகிச்சை பெற்றனர். முடக்குவாத நோய்க்கான அவ்வைத்தியசாலை 2019ஆம் ஆண்டிலே நகரின் வேறோர் இடத்துக்கு மாறிற்று. பழைய கட்டடம் விற்கப்பட்டது. நாஷ் தம் முதுமையில் வறுமையுற்று 1761இல் இறந்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

வரலாற்றில் இந்நகரம் துயரமும் கண்டது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தாலியர் படையெடுப்பால் நாட்டை இழந்த எதியோப்பியச் சக்கரவர்த்தி ஹெயிலி செலாசி, 1936 முதலாகச் சில ஆண்டுகள் இந்நகரத்து வீடொன்றிலே வாழ்ந்தார். மீண்டும் அரியணை ஏறியபின் 1958இல் அவ்வீட்டை முதியோர் நலனுக்கென நகரத்தாருக்கே அளித்தார்.

இனி, அம்மையார் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. “இஞ்சருங்கோ, அந்தத் தண்ணிக்குள்ளை இறங்கலாமோ?” என்பதே அது. உரோமரின் பெருந்தடாகத்தில் இறங்குதற்கு அனுமதியில்லை. கூரையற்ற அத்தடாகத்திலே வெயில் படுவதாற் பாசி படர்ந்து நீர் பச்சை நிறமாகத் தோன்றும். 1978ஆம் ஆண்டில் அந்நகரத்து ஊற்று நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி நுண்ணுயிரொன்றின் தொற்றால் இறந்தாள். அதன்பின் பொதுமக்கள் நீராடுவது நிறுத்தப்பட்டது. ஆழத்துக்குப் புதிதாகத் துளையிட்டுத் தூய நீர் பெறப்பட்டது. 2006ஆம் ஆண்டில் ‘தேர்மே பாத் ஸ்பா’ என்னும் புதிய நீராட்டு மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே, உடம்பு தாங்கும் சூட்டுக்குத் தணிக்கப்பட்ட அதே ஊற்று நீரில், நகரின் கோபுரங்களைப் பார்த்தபடி மேல்மாடித் தடாகத்திலே அமர்ந்திருக்கலாம். நீச்சலுடை அணிந்தே இறங்கவேண்டும். குருதியமுக்கமோ இருதய நோயோ உள்ளவர் தம் வைத்தியரைக் கேட்ட பின்னரே செல்லல் வேண்டும். இவையெல்லாம் வேண்டாம் எனின், ‘பம்ப் றூம்’ என்னும் பழைய மண்டபத்தில் அந்நீரை ஒரு குவளை அருந்தலாம். அது சிறிது வெதுவெதுப்பாகவும், இரும்பின் சுவையுடையதாகவும் இருக்கும். விரும்பி இரண்டாம் குவளை கேட்பார் அரியர்.

இனி மாளிகையைப் பற்றிச் சொல்லவேண்டும். தனி ஒருவர் வாழ்ந்த மாளிகை ஹோட்டலாக மாறுதல் இலங்கையர் அறியாத செய்தியன்று. தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கல்கிசைக் கடலோரத்தில் எடுப்பித்த இல்லமே பின்னர் அங்குள்ள ஹோட்டலாயிற்று. ஆயினும் இங்கிலாந்தில் இம்மாற்றம் ஒரு வீட்டுக்கு நேர்ந்ததன்று. ஒரு வகுப்பாருக்கு நேர்ந்தது. 1870களிலிருந்து அமெரிக்கச் சமவெளிகளின் மலிந்த தானியம் நீராவிக் கப்பல்களில் வந்து குவிந்தது. நிலக்குத்தகையையே நம்பிய மாளிகைகளின் வருமானம் சுருங்கிற்று. 1894இல் இறந்தோர் சொத்தின்மீது புதிய வரி விதிக்கப்பட்டது. அதன் உச்ச வீதம் அன்று நூற்றுக்கு 8. 1919இல் அது 40 ஆகவும், 1949இல் 80 ஆகவும் உயர்ந்தது. தந்தை இறந்து, அடுத்து மகன் போர்க்களத்தில் இறந்த குடும்பங்கள் இவ்வரியைக் கட்ட நிலத்தை விற்றன. வேலையாள்கள் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். நாற்பது அறைகளையும் அத்தனை அடுப்புக்களையும் கவனிப்பதற்கு ஆள் இல்லாமற் போயிற்று.

அதன் விளைவாக நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1950களிலே இவ்வழிவு உச்சத்தை அடைந்தது. 1974ஆம் ஆண்டில் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில், அழிந்த மாளிகைகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தமை அதனாற் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. எஞ்சியவற்றைக் காக்கும் வழிகள் சிலவே. நஷனல் டிரஸ்ட் போன்ற அறநிலையத்துக்கு அளித்தல் ஒன்று, பாடசாலையாக்குதல் ஒன்று, ஹோட்டலாக்குதல் மற்றொன்று. 1940களின் இறுதியில் பிரான்சிஸ் கூல்சன் என்பவர் வடபுலத்து அல்ஸ்வாற்றர் ஏரிக்கரையில் ஒரு வீட்டை விருந்தினருக்குத் திறந்தார். வீட்டுக்கு வந்த உறவினரை உபசரிப்பதுபோல் உபசரிக்கும் இம்முறைக்கு அதுவே முன்னோடி எனப் பலர் கூறுவர்.

பாத் நகருக்குத் தெற்கே ஸ்ரன் ஈஸ்ரன் பார்க் என்னும் மாளிகை இவ்வரலாற்றுக்கு நல்ல உதாரணம். பல தலைமுறைகளாக ஹிப்பிஸ்லி குடும்பத்தாரின் உடைமையாயிருந்த அம்மாளிகை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிபடும் நிலைக்கு வந்தது. பின்னாளில் ‘த ரைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியரான வில்லியம் றீஸ்-மொக் 1964இல் அதனை வாங்கிக் காத்தார். பின்னர் அது வேறு கைக்கு மாறி, 1982இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 6 மைல் தூரத்தில், கொலேர்ன் என்னும் ஊருக்கு அருகே, லக்னம் பார்க் என்னும் 18ஆம் நூற்றாண்டு மாளிகை 1988இல் ஹோட்டலாயிற்று. வாயிலிலிருந்து வீடு வரை ஒரு மைல் தூரம் மரங்கள் இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் சாலை அதற்குண்டு. அம்மரங்களை நட்டவர்கள் அவற்றின் முழு நிழலைக் கண்டிருக்கமாட்டார்கள்.

இத்தகைய அழகைக் கண்டு மகிழும் விருந்தினர் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றுண்டு. இம்மாளிகைகளையும் வீதிகளையும் எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது? ஆற்காட்டு முற்றுகையாலும் வங்காளத்தாலும் பெயர்பெற்ற றொபேட் கிளைவ் தம் இறுதிக் காலத்தில் பாத் நகரின் வட்டவடிவ வீதியில் வீடு கொண்டிருந்தார். ஜமேக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பாற் கொழுத்த குடும்பத்திற் பிறந்த வில்லியம் பெக்போட், 1822 முதல் அந்நகரில் வாழ்ந்து, குன்றின்மேல் ஒரு கோபுரம் கட்டினார். 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபோது, 2 கோடி பவுண் நட்டஈடாக ஒதுக்கப்பட்டது. அப்பணம் அடிமைகளின் உடைமையாளருக்கே கொடுக்கப்பட்டது. அடிமைகளாயிருந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. பாத் நகருக்கு வடக்கேயுள்ள டைரம் பார்க் மாளிகையில், சங்கிலி பூண்டு மண்டியிட்ட ஆபிரிக்கரின் உருவத்தாற் செய்த இரண்டு தாங்கிகள் உள்ளன. அம்மாளிகையைப் பராமரிக்கும் நஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பிலுள்ள இடங்களுக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் அடிமை வாணிபத்துக்கும் இருந்த தொடர்பை 2020இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அதற்கு வரவேற்பும் எதிர்ப்பும் ஒருங்கே எழுந்தன. எல்லா மாளிகைகளும் இவ்வாறு எழுந்தவை அல்ல. நிலத்தாலும் கம்பளியாலும் கல்லாலும் எழுந்தவையும் உள. ஆதலின் ஒவ்வொரு வீட்டின் கதையையும் தனித்தனியே விசாரித்து அறிதல் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கரண்டியைப் பற்றிய கவலை நீங்க இதுவே மருந்து. அந்த வீட்டின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு உள்ளே செல்பவர் எந்த மேசையிலும் கூசவேண்டியதில்லை.

இனி நடைமுறைக் காரியங்கள். காலத்தைத் தெரிவு செய்வது முதற் காரியம். ஜூன் மாத இறுதியிற் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே மறையும். தோட்டத்திற் பகலுணவுக்குப் பின் தொடங்கும் உலா இரவுணவு வரை நீளலாம். டிசெம்பர் மாதத்திலோ பிற்பகல் நான்கு மணியளவில் இருள் சூழ்ந்துவிடும். நவெம்பர் இறுதி முதல் நத்தார்ச் சந்தைக்குப் பெருங்கூட்டம் வரும். செப்டெம்பரில் ஜேன் ஒஸ்ரின் விழா நடைபெறும். அக்காலங்களில் அறை கிடைப்பது அருமை; வாடகையும் மிகும். வெள்ளி, சனி இரவுகளிலும் வாடகை அதிகம். மே மாதத்தில், திங்கள் முதல் வியாழன் வரையான நாள்களில், அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும். மணநாள் சனிக்கிழமையில் வந்தாலும், செவ்வாய்க்கிழமை கொண்டாடுவதனால் ஐம்பது ஆண்டு இல்லறம் ஒரு நாளேனும் குறைந்துவிடாது.

இரண்டாவது, போக்குவரத்து. இலண்டன் பாடிங்ரன் நிலையத்திலிருந்து பாத் நகருக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பயணம். 1841இல் நிறைவுற்ற இப்பாதையை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியியலாளர் புறூனெல். பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும். மாளிகை ஹோட்டல்கள் பெரும்பாலும் பஸ் செல்லாத வழியில் இருக்கும். ஆகவே நிலையத்திலிருந்து செல்லவும், ஒவ்வொரு நாளும் நகருக்கு வந்து திரும்பவும் வாடகைக் கார் வேண்டும். அதற்கான கூலியை அறை வாடகையோடு கூட்டிப் பார்த்த பின்னரே மொத்தச் செலவை முடிவு செய்தல் அறிவுடைமை. மலிவென எண்ணிய தூரத்து மாளிகை, காரின் கூலியால் விலையுயர்ந்ததாகிவிடுவதுண்டு.

மூன்றாவது, அறையை ஒழுங்கு செய்யுமுன் கேட்டு அறியவேண்டியவை. வாடகை பொதுவாக அறைக்கே உரியது. இருவருக்கும் சேர்த்தே கூறப்படும். அதிற் காலையுணவு அடங்குமா, இரவுணவு அடங்குமா என்று வினவவேண்டும். நூற்றுக்கு 20 வீதமான விற்பனை வரி சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். உணவுச் சீட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் சேவைக் கட்டணமாகச் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது கட்டாயமன்று எனக் குறிப்பிட்டிருந்தால் நீக்குமாறு கேட்கலாம். 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அத்தகைய பணம் முழுவதும் பணியாளருக்கே சேரவேண்டும். அறையை ரத்துச் செய்தால் முற்பணம் திரும்புமா என்பதையும் எழுத்திலே பெறுதல் நன்று. முதியோரின் பயணத்தில் நோய் எப்போது குறுக்கிடும் என யார் அறிவார்?

அம்மையாரின் முழங்காலைப் பற்றியும் கேட்கவேண்டும். இம்மாளிகைகள் மாடிப்படிகளின் பெருமைக்காகக் கட்டப்பட்டவை. மின்தூக்கி இல்லாதவை பல. அறை மூலவீட்டில் உள்ளதா, அல்லது முன்னர்க் குதிரைலாயமாயிருந்து அறைகளாக்கப்பட்ட பக்கக் கட்டடத்தில் உள்ளதா? கீழ்த்தளத்தில் அறை உண்டா? குளியலறையில் உயர்ந்த தொட்டிக்குள் ஏறி இறங்கவேண்டுமா, அன்றி நின்றபடி குளிக்கும் வசதி உண்டா? பழைய பெரிய அறையின் அழகைவிடக் கீழ்த்தளத்துச் சிறிய அறையின் சௌகரியம் இவர்களுக்குப் பயன்தரும். குதிரைலாயத்து அறைகள் விலையிலும் குறைந்திருக்கலாம்.

உணவைப் பற்றி முன்னதாகவே அறிவித்தல் அவசியம். மரக்கறி உணவு என்றால் மீனும் முட்டையும் விலக்கப்படுமா என்பதைத் தெளிவாகக் கூறவேண்டும். கோழிச் சாற்றில் வெந்த ‘சூப்’ மரக்கறியன்று என்பதையும் சொல்லிவைத்தல் தவறாகாது. சமையற்காரர் முன்னரே அறிந்தால் நல்லுணவு ஆக்குவார். மேசையில் அமர்ந்தபின் அறிந்தால் அவித்த கிழங்கே வரும். உடையைப் பொறுத்தவரை, பழைய காலத்துக் கண்டிப்பு இப்போது பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. தூய காற்சட்டையும் சட்டையும் போதும். பட்டுச்சேலை எந்த மண்டபத்துக்கும் ஏற்றது. மே மாத மாலைக் குளிருக்கு அதன்மேல் ஒரு கம்பளிப் போர்வை வேண்டும். கரண்டிகளைப் பற்றி: வெளியே இருப்பதிலிருந்து உள்ளே இருப்பதை நோக்கி ஒவ்வோர் உணவுக்கும் எடுத்துக்கொண்டு வந்தால் பிழை நேராது.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்தபின், மகளின் திட்டம் மாறக் காண்கின்றோம். மூன்று இரவுகள் இரண்டாகக் குறைந்தன. மாளிகையின் உடம்புபிடி அறைக்கென ஒதுக்கிய பணம், நகரத்து வெந்நீர் மண்டபத்துக்கும் வாடகைக் காருக்கும் மாற்றப்பட்டது. இரவுணவு மணநாளன்று மட்டும் மாளிகையில். மறுநாள் நகரத்திலுள்ள எளிய உணவுச்சாலையில். முதல்நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அறை கிடைக்கும். அதற்கு முன் நகரிலே உரோமர் தடாகத்தைக் கண்டு, ஈயத் தகடுகளை வாசித்து, பம்ப் றூமில் ஒரு குவளை நீர் அருந்துவர். இரண்டாம் நாட் காலை தோட்டம். பிற்பகல் ஆசிரியர் விரும்பியபடி வில்லியம் ஹேர்ஷெல் வாழ்ந்த வீடு. இசைக்கலைஞரான அவர், அவ்வீட்டின் பின்புறத் தோட்டத்திலிருந்து தம் கையாற் செய்த தூரதரிசனியால் 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி யுறேனஸ் கோளைக் கண்டார். அவ்வேளையில் அம்மையார் மகளோடு வெந்நீர் மண்டபத்துக்குச் செல்வார். மூன்றாம் நாள் பிறைவீதியின் முன்னுள்ள புற்றரையில் அமர்ந்து, சுற்றி வந்து, மாலை வண்டியில் திரும்புவர்.

இத்திட்டத்தோடு மகள் ஹோட்டலுக்குக் கடிதம் எழுதுகின்றாள். படியேற இயலாத தாய், முட்டையும் உண்ணாத தந்தை, ஐம்பது ஆண்டு இல்லறம் ஆகிய மூன்றையும் அதிற் குறிப்பிடுகின்றாள். அவ்வீட்டைக் கட்டியவர் யார், அவர் எத்தொழிலாற் பொருளீட்டினார் என்பதைத் தந்தை அறிய விரும்புகின்றார் என்றும் ஒரு வரி சேர்க்கின்றாள். நல்ல ஹோட்டலாயின் நான்கிற்கும் பதில் வரும். கீழ்த்தளத்து அறையின் இலக்கமும், தோட்டத்துக்குச் செல்லும் வழியிற் படிகள் எத்தனை என்ற விவரமும், வீட்டின் வரலாறு எழுதிய சிறு பிரசுரமும் அவ்வுறையில் இருக்கும். பதில் வந்தபின்னரே முற்பணத்தை அனுப்பவேண்டும்.